நாற்றம் என்றொரு நல்ல வார்த்தை

நாளைக் காலையில் ஒரு சின்னப் பரிசோதனை செய்து பாருங்கள். குளித்து முடித்து, தலை நிறைய மல்லிகைப் பூ வைத்துக்கொண்டு வரும் உங்கள் மனைவியிடம், 'ஆகா, என்ன ஒரு நாற்றம்!' என்று மனமாரப் பாராட்டுங்கள். அதன் பிறகு நடப்பதற்கு இந்தப் பத்திரிகை பொறுப்பல்ல.

இதையே ஆயிரத்து ஐந்நூறு வருடங்களுக்கு முன்னால் சொல்லியிருந்தால், அந்த அம்மணி வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்திருப்பார். காரணம், அன்றைக்கு 'நாற்றம்' நல்ல வார்த்தை. திருக்குறளில் 'குறிப்பறிவுறுத்தல்' அதிகாரத்தைப் புரட்டுங்கள். மொட்டுக்குள்ளே ஒளிந்திருக்கும் மணத்துக்குத்தான் வள்ளுவர் நாற்றம் என்று பெயர் சொல்கிறார். ஆண்டாள் இன்னும் ஒரு படி மேலே. நாச்சியார் திருமொழியில் வெண்சங்கைக் கூப்பிட்டு, கண்ணனின் வாய் கற்பூரம்போல மணக்குமா, தாமரைபோல மணக்குமா என்று விசாரிக்கிறாள். 'மணக்குமா' என்பதற்கு அவள் போட்டிருக்கும் சொல், 'நாறுமோ'. இன்றைக்கு எந்தக் காதலியாவது காதலனின் வாயைப் பற்றி இப்படி விசாரித்தால், கல்யாணம் நின்றுபோகும்.

அந்தக் காலத்தில் கெட்ட வாடையைச் சொல்ல வேண்டுமென்றால், முன்னால் ஓர் அடைமொழியை ஒட்டியாக வேண்டும். புலால் நாற்றம், துர்நாற்றம், இப்படி. மெல்ல மெல்ல அந்த அடைமொழி உதிர்ந்து, அதன் கெட்ட பெயர் மட்டும் வார்த்தையோடு தங்கிவிட்டது. பக்கத்து வீட்டு மலையாளத்திலும் இதே கதிதான், அங்கேயும் நாற்றம் என்றால் கெட்ட வாடை. ஆங்கிலத்தில் 'ஸ்டிங்க்' என்கிறார்களே, அதுவும் பழைய ஆங்கிலத்தில் நல்லது கெட்டது இரண்டுக்கும் பொதுவாக இருந்த சொல்தான். எங்கேயோ இருக்கும் இரண்டு மொழிகள். ஒரே சறுக்கல்!

ஏன் இப்படி? நான் படித்தது பி.காம். அந்தப் பாஷையிலேயே சொல்கிறேன். நல்ல வாசனை வந்தால் நம் உடம்பு அதை வரவுப் பக்கத்தில் சத்தமில்லாமல் எழுதிக்கொள்கிறது. கெட்ட வாடை வந்தால் ஆபீஸையே கூட்டிவிடுகிறது. மூக்கு சுருங்குகிறது, மேல் உதடு தூக்கிக்கொள்கிறது, மூச்சு பாதியில் நிற்கிறது, வாயில் எச்சில் ஊறுகிறது, வயிறு புரட்டுகிறது. இதில் ஒன்றையாவது நீங்கள் யோசித்துச் செய்கிறீர்களா? கிடையாது. 'இது அழுகிய முட்டை' என்று மனசு கண்டுபிடிப்பதற்கு முன்பே மூச்சு நின்றுவிடுகிறது. அதேபோல ரோஜாவை நீட்டினால், உங்களைக் கேட்காமலே மூச்சு ஆழமாகிறது. இவ்வளவு ரகளை செய்யும் கெட்ட வாடை, வார்த்தையையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டதில் ஆச்சரியமில்லை என்பது என் கட்சி.

இதற்குக் காரணம் மூளையின் வயரிங். கண்ணில் பட்டது, காதில் விழுந்தது, தோலில் உரசியது எல்லாமே 'தலாமஸ்' என்ற வரவேற்பறையில் உட்கார்ந்து, சீட்டு எழுதிக் கொடுத்த பிறகுதான் உள்ளே போக முடியும். வாசனை மட்டும் கொல்லைப்புறக் கதவு வழியாக நேரே நுழைந்துவிடுகிறது. நுழைந்த இடத்துக்குப் பக்கத்திலேயே பயம், வெறுப்பு போன்ற உணர்ச்சிகளைக் கவனிக்கும் அமிக்டலாவும், ஞாபகங்களைப் பத்திரப்படுத்தும் ஹிப்போகேம்பஸும் குடியிருக்கின்றன. மூக்கின் கூரையில் வாசனையை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளுக்கான மரபணுக்களை 1991-ல் அமெரிக்காவின் லிண்டா பக்கும் ரிச்சர்ட் ஆக்ஸலும் கண்டுபிடித்துச் சொன்னார்கள். 2004-ல் அதற்காக நோபல் பரிசு. மனிதனிடம் வேலை செய்யும் ஏற்பிகள் சுமார் 400 வகை. நிறம் பார்க்க நம் கண்ணுக்கு வாய்த்தவை மூன்றே வகை என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வடமொழிக்காரர்கள் இந்த வயரிங்கை எப்படியோ மோப்பம் பிடித்திருந்தார்கள். 'வாசனை' என்ற சொல்லுக்கு மணம் என்றும் அர்த்தம், மனசில் ஒட்டிக்கொண்டு போகாத பழைய பதிவு என்றும் அர்த்தம். 'பூர்வ ஜென்ம வாசனை' என்கிறோமே, அது. பூர்வ ஜென்மம் இருக்கட்டும், இந்த ஜென்மத்தில் மூன்றாம் வகுப்பு மழைநாளின் நனைந்த புத்தகப் பை உங்களுக்கு எதனால் ஞாபகம் வருகிறது? 2020-ல் கொரோனா வந்து மூக்கை இழந்தவர்களைக் கேளுங்கள். சாப்பாடு சக்கை மாதிரி இருந்தது என்பார்கள். கூடவே, சொந்த வீடே யாரோ வீடு மாதிரி இருந்தது என்றும் சொல்வார்கள். சிலருக்கு மூக்கு திரும்பி வந்தபோது கோணலாக வந்தது. ஃபில்டர் காபி, கருகிய ரப்பராக மணந்தது!

சரி, இந்தக் கதைக்கு ஓர் ஊர் வேண்டும். பாரிஸ் வேண்டாம், அங்கே சென்ட் பாட்டில்தான் கிடைக்கும். கலசப்பாக்கத்துக்குப் போவோம்.

திருவண்ணாமலையிலிருந்து போளூர் போகும் வழிக்குப் பக்கத்தில், செய்யாற்றங்கரையில் இருக்கிறது கலசப்பாக்கம். வடகிழக்கே போனால் ஆரணி, பட்டுத் தறிகளின் ஊர். மேற்கே அண்ணாந்து பார்த்தால் பருவதமலை. உலகத்து வாசனை ஆராய்ச்சியின் இரண்டு பெரிய சங்கதிகளை இந்தப் பக்கத்துக்கு ஒன்று, அந்தப் பக்கத்துக்கு ஒன்றாக வைத்துச் சொல்லிவிடலாம். அந்த வசதி வேறு எந்த ஊருக்கும் இருப்பதாகத் தெரியவில்லை.

முதலில் பட்டு. புதுப் பட்டுப் புடவையைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பிரிக்கும்போது ஒரு வாசனை வருமே... நம் வீட்டுப் பெண்கள் அதை முகத்தில் வைத்து ஒரு நிமிடம் கண்ணை மூடுவார்கள். அந்த ஒரு நிமிடத்தில் முகூர்த்தம், நாதஸ்வரம், சந்தனம் எல்லாம் வந்து போகும். ஆனால் அந்தப் பட்டு பிறக்கும் இடத்துக்குப் போனால் வேறு கதை. கூட்டை வெந்நீரில் போட்டு இழை எடுக்கிறார்கள். உள்ளே இருக்கும் புழுவும் சேர்ந்தே வேகிறது. வெந்த கூட்டுப்புழுவின் வாடை, புதிதாகப் போகிறவரைத் தெருமுனையிலேயே நிறுத்திவிடும். எடுத்த கச்சாப் பட்டின் மேல் ஒரு கோந்து இருக்கும். எடையில் சுமார் கால் பங்கு அதுதான். சோப்பும் சோடாவும் கலந்து மறுபடி வேகவைத்து அதை நீக்கினால்தான் பளபளப்பு வரும், சாயம் பிடிக்கும். அப்போது ஒரு வாடை. இத்தனையும் கடந்துதான் நூல் தறிக்கு வருகிறது. அங்கே வேலை செய்கிறவர்களுக்கு இந்த வாடை தெரியாதா என்றால், போன அரை மணியிலேயே மூக்கு பழகிவிடும். மூக்கு ஒரே சேதியைத் திரும்பத் திரும்பப் படிக்காது. புதுச் சேதி வந்தால்தான் மணி அடிக்கும். இந்தக் குணத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

புழுவை வேகவிடாமல் விட்டுவிட்டால் என்ன ஆகும்? கூட்டைத் துளைத்துக்கொண்டு ஒரு வெள்ளைப் பூச்சி வெளியே வரும். பாவப்பட்ட ஜீவன். மனிதன் பல ஆயிரம் வருடமாக வீட்டில் வளர்த்ததில் பறக்க மறந்துவிட்டது. வாழப்போகும் சில நாட்களில் ஒரு வாய் தின்னாது. ஆண் பூச்சிக்கு இருக்கும் ஒரே சொத்து, சீப்பு மாதிரி இரண்டு உணர்கொம்புகள். பெண் பூச்சியின் வாடை துளி பட்டால் போதும், சிறகைப் படபடவென்று அடித்துக்கொண்டு ஆடிக்கொண்டே அவளைத் தேடி நடக்கும். வாடையைத் தடவிய கண்ணாடிக் குச்சியை வைத்தாலும் அதே ஆட்டம்!

அந்த வாடை என்ன பொருள் என்று கண்டுபிடிக்க ஜெர்மனியின் அடால்ஃப் பூட்டெனாண்ட்டுக்கு ஏறக்குறைய 20 வருடம் பிடித்தது. மனிதர் ஏற்கெனவே 1939-ன் நோபல் பரிசுக்காரர். சுமார் 5 லட்சம் பெண் பூச்சிகளின் சுரப்பிகளைச் சேகரித்துப் பிழிந்தார். கிடைத்தது சில மில்லிகிராம். 1959-ல் முடிவை வெளியிட்டபோது அதற்கு 'பாம்பிகால்' என்று பெயர் வைத்தார். பட்டுப்பூச்சியின் அறிவியல் பெயரிலிருந்து வந்த பெயர். ஓர் உயிர் வெளியே விட்டு, அதே இனத்தின் இன்னொரு உயிரை ஆட்டிவைக்கும் வேதிப்பொருளுக்கு 'ஃபெரோமோன்' என்று அதே வருடம்தான் பெயர் சூட்டினார்கள். உலகம் முதன்முதலில் கண்டறிந்த ஃபெரோமோன், நம் பட்டுப்பூச்சியின் காதல் கடிதம்!

முட்டைக்காக ஒதுக்கி வைத்த கூடுகளிலிருந்து வரும் பூச்சிகளுக்குத்தான் அந்தக் கடிதத்தைப் படிக்கும் பாக்கியம். புடவைக்குப் போன கூடுகளில் அந்த மூக்கு திறப்பதே இல்லை.

இப்போது மேற்கே திரும்புங்கள். பருவதமலை. சங்க இலக்கியத்தின் 'நவிர மலை' இதுதான் என்பது அறிஞர்கள் கருத்து. பத்துப்பாட்டில் கடைசிப் பாட்டான 'மலைபடுகடாம்' இந்த மலையையும் இந்தச் சேயாற்றையும்தான் பாடுகிறது. எழுதியவர் பெருங்கௌசிகனார். பாட்டுடைத் தலைவன் நன்னன், தலைநகர் தென்மேற்கே இருக்கும் செங்கம். 583 அடிகள். உ.வே.சா. 1889-ல் பத்துப்பாட்டை அச்சில் கொண்டுவந்தபோதுதான் இது மறுபடி நம் கைக்கு வந்தது.

தலைப்பைக் கவனியுங்கள். கடாம் என்றால் மத யானையின் கன்னத்தில் வழியும் மதநீர். மலையை யானையாக நினைத்து, அதில் எழும் ஓசைகளை மதமாகப் பாவித்து வைத்த பெயர். ஒரு முழுப் பாட்டுக்கே யானையின் மதத்தைப் பெயராக வைக்கும் அளவுக்கு, அந்தச் சமாசாரம் அவர்களுக்குப் பழக்கமாக இருந்திருக்கிறது. சங்கப் பாட்டுகளில் இன்னொன்றும் திரும்பத் திரும்ப வரும். மதநீர் வழியும் யானையின் கன்னத்தில் வண்டுகள் வந்து மொய்க்கும். கல்லூரித் தமிழ் வகுப்பில் இதைக் கேட்டபோது, 'சரி, புலவர் கற்பனை' என்று நாங்கள் கொட்டாவி விட்டோம். மத யானையின் பக்கத்தில் போனவர்கள், அந்த நாற்றம் குடலைப் புரட்டும் என்கிறார்கள். வண்டுக்கு அங்கே என்ன வேலை?

2002-ல் 'நேச்சர்' இதழில் ஒரு சின்னக் கட்டுரை வந்தது. எழுதிய மூன்று பேரில் ஒருவர் பெயர், வி. கிருஷ்ணமூர்த்தி. ஆமாம், முதுமலையிலும் ஆனைமலையிலும் ஆயுள் முழுக்க யானைகளோடு வாழ்ந்த, ஜெயமோகனின் 'யானை டாக்டர்' கதையால் ஊரெல்லாம் அறிந்த அதே டாக்டர் கே. முதன்மை ஆய்வாளர் அமெரிக்காவின் ராஸ்முஸ்ஸன் அம்மையார். மதநீரில் இரண்டு வகை உண்டு என்றது கட்டுரை. பதின்வயதுப் பையன் யானைக்கு முதன்முதலில் வழிவது, தேன் வாசனை. வளர்ந்து முற்றிய ஆண் யானைக்கு வழிவது, சகிக்க முடியாத நாற்றம். கட்டுரையின் தலைப்பே, தேன்மணம் முதிர்ந்து நாற்றமாவதைப் பற்றித்தான்.

ஆக, வண்டு பொய் சொல்லவில்லை. புலவரும் பொய் சொல்லவில்லை. கொட்டாவி விட்ட நாங்கள்தான்...

இதில் உள்ள அரசியலையும் பாருங்கள். தேன் வாசனை மூலம் பையன் யானை, 'பெரியண்ணே, நான் சின்னப் பையன், போட்டிக்கு வரல' என்று அறிவித்துக்கொள்கிறது. பெரிய யானை அதைக் கண்டுகொள்ளாமல் போய்விடும். பெரிய யானையின் நாற்றம் காற்றில் வந்தால், பையன்கள் ஒதுங்கிப் போய்விடுவார்கள். ஆறு டன் உடம்புகள் இரண்டு மோதிக்கொள்ளாமல், மூக்கை வைத்தே பஞ்சாயத்தை முடித்துக்கொள்கின்றன. அந்த நாற்றத்தின் முக்கியப் பொருளான ஃப்ரான்டலினை மரப்பட்டை வண்டு ஒன்றும் பயன்படுத்துகிறது. ராஸ்முஸ்ஸன் 1996-லேயே இன்னொரு குண்டைப் போட்டிருந்தார். பெண் யானை, தான் இணைசேரத் தயார் என்று சிறுநீரில் விடும் சேதியும், நூற்றுக்கும் மேற்பட்ட பூச்சி இனங்கள் காதலுக்குப் பயன்படுத்தும் பொருளும் ஒரே வேதிப்பொருள்! அது பட்டுப்பூச்சியின் பாம்பிகால் அல்ல, வேறு. ஆனாலும் யோசித்துப் பாருங்கள். பூச்சியும் யானையும் காதலுக்கு ஒரே அகராதியைப் புரட்டுகின்றன.

'பூச்சியும் யானையும் இருக்கட்டும் சார், மனுஷனுக்கு?' என்கிறீர்கள். தமிழனிடம் இந்தக் கேள்வியைக் கேட்கவே வேண்டாம். 'பெண்களின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா?' என்று கடவுளும் புலவரும் சங்கத்தில் மல்லுக்கு நின்ற கதை உலகத்தில் வேறு எந்த மொழியில் இருக்கிறது? குறுந்தொகையின் இரண்டாம் பாட்டு. என் காதலியின் கூந்தலைவிட மணமான பூவை நீ பார்த்ததுண்டா என்று தும்பியைக் கேட்கும் பாட்டு. அதைச் சுற்றிக் கிளம்பிய கதையை 1965-ல் 'திருவிளையாடல்' படத்தில் சிவாஜியும் நாகேஷும், நக்கீரராக ஏ.பி.நாகராஜனும் நம் ரத்தத்திலேயே கலந்துவிட்டார்கள்.

இன்றைக்கு நக்கீரருக்கும் சிவபெருமானுக்கும் பேப்பர் திருத்தினால் ஆளுக்குப் பாதி மார்க் போடலாம். மனிதனின் வியர்வைக்குச் சுரக்கும்போது வாடையே கிடையாது, அல்லது மிகக் குறைவு. தோலில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதைத் தின்று செரித்த பிறகுதான் வாடை பிறக்கிறது. அது ஆளுக்கு ஆள் மாறுகிறது. 1995-ல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்தில் கிளாஸ் வெடகிண்ட் என்பவர், 44 ஆண்களை இரண்டு ராத்திரி ஒரே பனியனில் தூங்கவைத்தார். சோப்பு, சென்ட் எதுவும் கூடாது. பனியன்களைப் பெட்டியில் போட்டுப் பெண்களிடம் முகரக் கொடுத்தார். நோய் எதிர்ப்பு மரபணுக்கள் தங்களிடமிருந்து மாறுபட்ட ஆண்களின் பனியன்தான் பெண்களுக்கு அதிகம் பிடித்திருந்தது. பிறக்கும் குழந்தைக்கு இரண்டு விதமான கவசம் கிடைக்கும் என்பது இதற்குச் சொன்ன விளக்கம். பின்னால் நடந்த ஆய்வுகள் எல்லாமே ஒத்துப்போகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இதை நம்பி யாரும் வரனுக்குப் பனியன் கேட்டு அனுப்ப வேண்டாம்.

நமக்கும் யானைக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. யானைக்கு வாடைதான் சேதி. நமக்கு, வாடையின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டும் சேதி. பெருங்காயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஈரான், ஆப்கானிஸ்தான் பக்கத்திலிருந்து வரும் பிசின். நெய்யில் துளி பொரித்துப் போட்டால் ரசம் கூப்பிடும், நம் நாக்கில் நீர் ஊறும். இதே பெருங்காயத்துக்கு ஜெர்மன்காரன் வைத்த பெயர், சாத்தானின் கழிவு! 2001-ல் அமெரிக்காவின் ரேச்சல் ஹெர்ஸ் ஒரு விளையாட்டு செய்தார். ஒரே வேதிக் கலவையை முகரக் கொடுத்து, ஒரு தடவை 'இது பார்மேசான் சீஸ்' என்றார். இன்னொரு தடவை 'இது வாந்தி' என்றார். புட்டியில் இருந்தது மாறவில்லை. முகம் மாறியது.

அப்படியானால் எல்லாமே பழக்கமா? அப்படியும் இல்லை. 2022-ல் வெளியான ஓர் ஆய்வில், காட்டில் வேட்டையாடுகிறவர்கள் முதல் நகரவாசிகள் வரை பலதரப்பட்ட சமூகங்களின் இருநூறுக்கும் மேற்பட்டவர்களிடம் ஒரே மாதிரி வாசனைகளைக் கொடுத்து வரிசைப்படுத்தச் சொன்னார்கள். எல்லா ஊரிலும் வனிலா முன்னுக்கு வந்தது, வியர்த்த பாதத்தின் வாடை கடைசிக்குப் போனது. பிறந்த சமூகத்தின் பங்கு வெறும் 6 சதவிகிதம். மிச்சத்தில் பாதிக்கு மேல் தனிப்பட்ட ருசி, மற்றது அந்த மூலக்கூறின் குணம். நம் சமூகத்தில்தான் இப்படி, அவர்கள் சமூகத்தில் அப்படி என்று பேசுகிறோமே, மூக்கு அந்தப் பேச்சுக்கு அவ்வளவாகக் காது கொடுப்பதில்லை.

பிறகு யார் கொடுக்கிறார்கள்? நற்றிணையில் 45-ஆம் பாட்டு. பணக்கார வீட்டுப் பையன் தேரில் வந்து மீனவப் பெண்ணைச் சுற்றுகிறான். தோழி அவனை நிறுத்திச் சொல்கிறாள்: நீ பெரிய இடம், நாங்கள் மீனைக் காயவைத்துப் பறவை ஓட்டுகிறவர்கள், எங்கள் மேல் புலால் நாறும், தள்ளியே நில். படிக்கும்போது இது அடக்கம் மாதிரி தெரியும். எனக்கு அது குத்தல் மாதிரிதான் படுகிறது. வாடையை வைத்து ஊர் போட்டிருக்கும் கோடு அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அவன் மூக்கைச் சுளிக்கும் முன்னால் அவளே அதைச் சொல்லிவிடுகிறாள்.

அந்தக் கோடு கலசப்பாக்கத்துக்கு ரொம்ப தூரத்தில் இல்லை. 1989 வரை கலசப்பாக்கமும் ஆரணியும் பழைய வடஆற்காடு மாவட்டத்தில் இருந்தவை. அதே மாவட்டத்தில்தான் ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி. ஒரு பக்கம் பட்டு, ஒரு பக்கம் தோல். இரண்டுமே செத்த உயிரின் உடம்பிலிருந்து வருவது, இரண்டுமே வேகவைத்தும் ஊறவைத்தும் வாடையோடு செய்வது, இரண்டுமே கடையில் கண்ணாடிக்குப் பின்னால் மணப்பது. ஒன்றைச் செய்கிறவருடைய ஊரைச் சொன்னால் 'ஓ, பட்டு ஊரா!' என்கிறோம். இன்னொன்றில் ஊரைச் சொல்லும் முன்பே மூக்கைப் பிடித்துக்கொள்கிறோம். தோல் வேலையைத் தலைமுறை தலைமுறையாக எந்தச் சாதிகளின் தலையில் கட்டினார்கள் என்பது உங்களுக்குத் தெரியும்.

கோர்ட்டும் இந்தக் கதையில் வருகிறது. தோல் கழிவு பாலாற்றை நாசமாக்கியதற்கு எதிராக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று சுப்ரீம் கோர்ட், கெடுத்தவனே செலவை ஏற்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தில் அது ஒரு மைல்கல். கலசப்பாக்கத்தைத் தொட்டு ஓடும் செய்யாறும் கடைசியில் திருமுக்கூடலில் அந்தப் பாலாற்றில்தான் போய்ச் சேருகிறது.

காசு விஷயம் வந்ததால் ஒரு ரோமாபுரிச் செய்தி. முதல் நூற்றாண்டில் வெஸ்பேசியன் என்றொரு சக்கரவர்த்தி. கஜானா காலி. துணி வெளுக்கிறவர்கள் பொதுக் கழிப்பிடங்களிலிருந்து மூத்திரத்தை வாங்கிப் போவதைப் பார்த்து, அதற்கு ஒரு வரி போட்டார். இளவரசர் டைட்டஸ் முகம் சுளித்தார். அப்பா அந்த வரியில் வந்த நாணயத்தைப் பிள்ளையின் மூக்கருகே நீட்டி, 'இது நாறுகிறதா?' என்று கேட்டாராம். எங்கள் காமர்ஸ் வகுப்பில் இதைச் சொல்லித் தந்திருந்தால் நான் இன்னும் கவனமாகப் படித்திருப்பேன்.

நாறாத காசைப் பற்றிப் பேசினால், நாறும் குழிக்குள் இறங்குகிறவரைப் பற்றியும் பேசித்தான் ஆக வேண்டும்.

சாக்கடையிலும் மலக்குழியிலும் கழிவு மக்கும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற வாயு உண்டாகிறது. தோல் பதனிடும் இடங்களில் சல்ஃபைடு கழிவோடு அமிலக் கழிவு கலந்தாலும் இதே வாயுதான். தோல் தொழிற்சாலைத் தொட்டிகளில் இறங்கியவர்களும் இதனால் செத்திருக்கிறார்கள். அழுகிய முட்டை வாடை. காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூடத் தேவையில்லை, மூக்கு கண்டுபிடித்துவிடும். இதுவரை மூக்கு நல்ல காவல்காரன். ஆனால் அந்த அளவு பத்து லட்சத்துக்கு 100 பங்கு என்று ஏறும்போது, சில நிமிடங்களில் வாயு மூக்கின் நரம்பையே மரக்கச் செய்துவிடுகிறது. பட்டு வேகும் இடத்தில் மூக்கு பழகிப்போகிறது என்றேனே, இது அந்தப் பழக்கம் இல்லை. இங்கே மணி அடிக்கிறவனையே அடித்துப் போட்டுவிடுகிறார்கள். வாடை குறைந்துவிட்டது என்று இறங்கியவர் நினைக்கிறார். உண்மையில் கூடியிருக்கிறது. அடுத்த சில மூச்சுகளில் சுருண்டு விழுகிறார். அவரைத் தூக்க அவசரமாக இறங்கும் அண்ணனோ தம்பியோ, அவர்களும் அங்கேயே.

2013-லேயே சட்டம் வந்துவிட்டது, பாதுகாப்புக் கருவி இல்லாமல் யாரையும் சாக்கடைக்குள்ளோ மலக்குழிக்குள்ளோ இறக்கக் கூடாது என்று. இப்படிச் செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்று 2014-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. 2023-ல் அதை 30 லட்சமாக்கியது. 1993-லிருந்து எடுத்த அரசுக் கணக்கில், இந்தச் சாவுகளில் தமிழ்நாடு முன்வரிசையில் நிற்கிறது. வாயுவை அளக்கும் சின்ன மீட்டர் கடையில் விற்கிறது. குழிக்குப் பக்கத்தில் அதைப் பார்த்தவர்கள் குறைவு. பெரும்பாலும் அங்கே ஒரு கயிறும் வாளியும்தான் இருக்கும். மேலே ஒருவர் குனிந்துகொண்டு, 'உள்ளே நாத்தம் எப்படிடா இருக்கு?' என்று கேட்பார்.

'இப்ப ஒண்ணும் தெரியலண்ணே' என்று கீழேயிருந்து குரல் வந்தால், அந்த நிமிடமே கயிற்றை இழுத்துவிட வேண்டும்.